பொதுச்சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து

புதுச்சேரியில் வீடு கட்டவும் வீடு இடிக்கவும் அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

ஆடி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். எண்பத்திரண்டு வயதான என் அம்மா அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து நான்தான் படித்துக் காட்டினேன். கட்டடம் பழமையடைந்துவிட்டதாம், பக்கச்சுவரில் விரிசல் கண்டிருக்கிறதாம், எந்த நேரமும் விழலாமாம். அதனால் முப்பது நாளைக்குள் எங்கள் சொந்தச் செலவில் 'அப்புறப்படுத்த' வேண்டுமாம். அம்மா அந்தச் சொல்லை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். குப்பையைத்தானே அப்புறப்படுத்துவார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

முப்பதில் இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை வந்துவிட்டேன். முதல் தடவை மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை அது வேறு பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை அந்த வேறு பிரிவில், இங்கே எதுவும் வரவில்லை என்றார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் அந்த விரிசல் எப்படி வந்தது என்று சொல்கிறேன். நோட்டீஸில் அது இல்லை.

தமிழ்ப் பகுதித் தெருக்களில் வீடுகள் தனித்தனியாக நிற்பவை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் வடக்குச் சுவரே அடுத்த வீட்டின் தெற்குச் சுவர். இரண்டு வீட்டு உத்தரங்களும் ஒரே சுவரில் எதிரெதிராக வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு வீடு மற்றொன்றைத் தாங்கி, அது அடுத்ததைத் தாங்கி, தெருமுனைவரை அப்படியே போகும். எங்கள் வடக்குப் பக்கத்து வீட்டை இந்த மாசி மாதம் இடித்தார்கள். உங்கள் அனுமதி பெற்ற இடிப்பு அது. எங்களுக்கு ஒரு காகிதம் வரவில்லை. இரவு பத்தரை மணிக்கு ஜேசிபி வந்தது, விடிவதற்குள் மச்சு தரைக்கு வந்துவிட்டது. அதன் கடைசி உத்தரத்தை அறுத்து எடுக்காமல் இயந்திரத்தால் பிடித்து இழுத்தார்கள். பொதுச்சுவருக்குள் புதைந்திருந்த அதன் முனை செங்கல்லோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் அம்மா கட்டிலிலிருந்து எழுந்து முற்றத்துக்கு ஓடி வந்தார். காலையில் பார்த்தால் எங்கள் கூடத்துச் சுவரில், உத்தரம் உட்காரும் இடத்திலிருந்து விளக்கு மாடம்வரை ஒரு கோடு. மேலே விரல் நுழையும், கீழே வரவர மெல்லிய நூல்.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்தார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்றைக்கு மிகக் குறைவு. அவர் செய்ததை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். விரிசலின் குறுக்கே, ஒரு சாணுக்கு ஒன்றாக, ஏழு கண்ணாடிச் சில்லுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் தேதி எழுதச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். சித்திரையில் பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழி தோண்டி மண்ணை இயந்திரத்தால் இடித்து இறுக்கினார்கள். அந்த வாரம் மேலிருந்து இரண்டாவது சில்லு உடைந்தது. உடைந்ததை அப்படியே விட்டு, அதன் கீழே புதியது ஒன்று ஒட்டினோம். அன்றிலிருந்து இன்றுவரை நான்கு மாதத்துக்கு மேலாக ஒரு கண்ணாடியும் உடையவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றும்போது எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் ஊழியர் அந்தச் சுவரைத் தெருவில் நின்று, பக்கத்துக் காலி மனை வழியாகத்தான் பார்த்தார். உள்ளே வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சில்லுகளைப் பார்த்திருப்பார்.

இந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டீஸில் அது வெறும் 'கட்டடம்', ஒரு கதவு எண்.

கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. தெருவோரம் மரத்தூண்களின் மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம், உள்ளே திண்ணை, அப்புறம் நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், பின்கட்டில் கிணறும் சமையலும். மேல்தளம் வேறு மாதிரி. வளைந்த ஜன்னல்கள், இரட்டைத் தூண்கள், பிரெஞ்சுப் பாணிக் கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரான்சு. இந்த ஊரில் பல வீடுகள் இப்படி வளர்ந்தன. எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோன். கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு அரசாங்கத்தில் எழுத்தராகச் சைகோனுக்குப் போனார். இந்தத் தெருக்களில் பாதி வீட்டில் அப்படி ஒருவர் கப்பலேறியிருப்பார், இல்லாவிட்டால் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், இருந்திருப்பார். கொள்ளுத்தாத்தா அனுப்பிய பணத்தில்தான் மாடி எழும்பியது. ஆயா சொல்வார், மாடிக்கு மரம் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்ததாம். மாடிச் சுவரின் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்தை வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்திருக்கிறார்கள். இன்றைக்கும் மதிய வெயில் சாயும்போது அந்தச் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஆளின் முகமும் மங்கலாகத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதில்தான் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வோம்.

தாழ்வாரத்துத் தூண்களில் இடமிருந்து மூன்றாவதில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பழைய ஆணி இருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய அன்று தாத்தா இந்தியக் கொடியைக் கட்ட அடித்த ஆணி அது. தூணுக்கு எண்ணெய் பூசும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆணியைச் சுற்றிப் பூசுவோம், பிடுங்கியதில்லை. உங்கள் நோட்டீஸின் இரண்டாவது பத்தி அந்தத் தாழ்வாரத்தையும் திண்ணையையும் 'தெரு ஆக்கிரமிப்பு' என்கிறது. வெயிலில் நடந்து வருகிறவர் நிழலுக்கு ஒதுங்கவும், மூட்டை சுமக்கிறவர் இறக்கி வைத்து மூச்சுவிடவும், வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிக் கொடுத்த இடம் அது. இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்தது?

வீடு பலவீனமாகிவிட்டது என்கிறீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் இந்த ஊரின் மேல் வந்தது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் சாய்ந்தன, வேரோடு மரங்கள் விழுந்தன. எங்களுக்குப் போனது தாழ்வாரத்து ஓடுகள் முப்பதோ நாற்பதோதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். ஆனால் மச்சில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, சுவரில் ஒரு கோடு விழவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஜேசிபி வந்தது. புயல் செய்யாததைச் செய்தது எது என்று முடிவு செய்ய உங்களுக்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

நோட்டீஸ் ஒட்டிய பத்தாவது நாள் ஒரு தரகர் வந்தார். இடிக்கிற செலவு உங்களுக்கு எதற்கு, மனையாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார். நான் யார்மேலும் பழி சொல்லவில்லை. நடந்த வரிசையை மட்டும் சொல்கிறேன். நாங்கள் விற்கப் போவதில்லை.

பழுதுபார்க்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்போம். பங்குனியிலேயே அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தோம். உங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாக வந்த பதில், விரிசலில் சிமெண்டை அடைத்து மேலே சிமெண்ட் பூசிவிடுங்கள் என்பது. கொத்தனார் அதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. நிலத்தடி ஈரமும் உப்பும் எப்போதும் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று இன்னும் மேலே ஏறும், உப்பு பூத்துச் செங்கல் மாவாக உதிரும். வெளியே பார்க்கச் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவிலேயே அப்படிப் பூசிய இரண்டு வீடுகளில் இடுப்புயரத்துக்குப் பூச்சு தகடு தகடாக விழுகிறது. எங்கள் சுவருக்கு வேண்டியது வேறு. சுண்ணாம்பை வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்து, செங்கல் தூள் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. பெயர்ந்த இடத்தில் பழைய அளவுச் செங்கல்லை வைத்துத் தைக்க வேண்டும், உத்தர முனைக்கு அடியில் ஒரு கல்லோ மரப் பலகையோ கொடுத்து பாரத்தைப் பரப்ப வேண்டும். ஆறு வார வேலை என்கிறார் கொத்தனார். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இது முடியாத காரியமில்லை என்பதை இதே ஊர் காட்டியிருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, வீட்டுக்காரர்களும் சேர்ந்து, வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீர் செய்தார்கள். தாழ்வாரங்கள் திரும்ப வந்தன, மறைந்து கிடந்த மரத்தூண்கள் வெளியே தெரிந்தன. அந்தத் தெருவைப் பார்க்க இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வருகிறார்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும் இதே செங்கல், இதே சுண்ணாம்புதான். அதைப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறோம். அதன் சுவரில் விரிசல் இருந்த நாளில் 'அப்புறப்படுத்து' என்று யாராவது நோட்டீஸ் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய கதையையும் கொஞ்சம் பாருங்கள். 1693 முதல் ஆறு வருடம் டச்சுக்காரர்கள் இந்த ஊரை வைத்திருந்தார்கள். அப்போது அவர்கள் வரைந்த நேர்த்தெருத் திட்டத்தின் மேல்தான் இன்றும் நடக்கிறோம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1738-இல் கட்டிய மாளிகை, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அந்த அழிவைத் தாண்டி நிற்கிறது. எதிரிப் படை விட்டுவைத்த தமிழ் வீடு அது. ஒரு பீரங்கியும் வராத காலத்தில், அனுமதிக் கடிதத்தோடு, ஓர் இரவுக்கு ஒரு வீடாக இந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 1990களில் கணக்கெடுத்தபோது பாரம்பரியக் கட்டடங்கள் என்று சுமார் 1,800 பட்டியலில் வந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை இன்று இல்லை. கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரையும் காகிதப் பூவையும் படம் பிடித்துச் சுற்றுலா விளம்பரம் போடுகிறோம், அது நல்லதுதான். ஆனால் போனவற்றில் பெரும்பங்கு வாய்க்காலுக்கு மேற்கே, எங்கள் பக்கத்தில் போனது.

கடற்கரையில் இருந்த, பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்தையும் நினைத்துப் பாருங்கள். நூற்று நாற்பது வருடம் கடற்காற்றில் நின்றது. 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் விழுந்தது. ஊரே அழுதது, நானும் போய்ப் பார்த்து நின்றேன். பிறகு உலக வங்கிக் கடன் பணத்தில், கோடிக்கணக்கில் செலவழித்து, பழைய உருவத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். விழுந்த ஒன்றை அவ்வளவு பாடுபட்டு எழுப்பத் தெரிந்த ஊரில், நின்றுகொண்டிருக்கிற ஒன்றுக்கு நாங்கள் கேட்பது ஆறு வாரமும் ஓர் அனுமதிக் கடிதமும்தான்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, எங்கள் வீட்டின் மேல் ஒட்டிய நோட்டீஸை இந்தப் பதினோரு நாளுக்குள் எழுத்து மூலம் நிறுத்தி வையுங்கள். சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த ஒரு பொறியாளரை அனுப்புங்கள். அவர் வீட்டுக்கு உள்ளே வந்து, நாங்களும் கொத்தனாரும் இருக்கும்போது, உத்தர முனையையும் கண்ணாடிச் சில்லுகளையும் பார்க்கட்டும். அவர் அறிக்கையை எங்களுக்கும் தமிழில் ஒரு பிரதி தாருங்கள். வீடு உண்மையிலேயே ஆபத்து என்று அவர் காரணத்தோடு எழுதினால், நானே அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறேன்.

மிக அவசரமானது அடுத்தது. பக்கத்து வீடு போனதால் பொதுச்சுவரின் வடக்கு முகம் பூச்சில்லாமல், பிய்ந்த உத்தரக் குழிகளோடு திறந்து கிடக்கிறது. உள்சுவராக இருக்கக் கட்டிய சுவர் அது, ஒருநாளும் மழையைப் பார்த்ததில்லை. ஐப்பசி அடைமழை வந்தால் தண்ணீர் நேராகச் சுவரின் வயிற்றுக்குள் இறங்கும். அந்த மனையில் கட்டுகிறவர் சுவருக்கு முட்டுக் கொடுத்து, குழிகளை அடைத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசி முடிக்கும்வரை அங்கே வேலை நடக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும். பங்குனியில் நாங்கள் கொடுத்த பழுதுபார்ப்பு விண்ணப்பத்துக்கும், சுண்ணாம்பால் செய்யலாம் என்று தெளிவாக எழுதி, அனுமதி தாருங்கள்.

எங்களோடு முடிகிற விஷயமும் இல்லை இது. எங்கள் தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். எங்களை இடித்தால் அடுத்த விரிசல் அவர்கள் கூடத்தில். ஆகவே பொதுச்சுவர் உள்ள எந்த வீட்டையும் இடிக்க அனுமதி கொடுக்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சுவர்களை முன்கூட்டியே படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். பொதுச்சுவரை ஒட்டிய பகுதியில் இயந்திரம் கூடாது, உத்தரங்களைக் கையால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இரவில் இடிக்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை போடுங்கள். சேதம் வந்தால் சரிசெய்ய இடிக்கிறவரிடம் முன்பணம் வாங்கி வையுங்கள்.

பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் எந்தெந்த வீடுகள் இருக்கின்றன என்று தெருவாரியாக வெளியிடுங்கள். பல வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் வீடு அதில் இருப்பதே தெரியாது. தாழ்வாரமும் திண்ணையும் வீட்டின் அங்கம், ஆக்கிரமிப்பில் சேராது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

இந்த மடலின் பிரதியோடு பதினாறு புகைப்படங்களும், விரிசலின் அளவுகளைத் தேதிவாரியாக எழுதிய நோட்டின் நகலும் உங்கள் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்துவிடும், அம்மா திண்ணையில் இருப்பார். என்றைக்கு வருகிறீர்கள் என்று முதல் நாள் சொன்னால் கொத்தனாரையும் வரச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீட்டில் குடியிருப்பவள்
ஆவணி, 2025